வெண்ணெய் திரளும்போது உடைந்த தாழி: திபோ பினோவின் கதை

2019 ஜூலை 26, வெள்ளிக்கிழமை. டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் பந்தயம் பாரிஸ் போய்ச் சேர இன்னும் இரண்டே நாள் பாக்கி. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே அன்றைய 19ஆவது ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், தொடங்கி முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும், எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டிப் போடுகிற மொத்தப் பட்டியலில் ஐந்தாவது இடத்தில் இருக்கிற ஒருவர் கூட்டத்தைவிட்டுப் பின்னால் வருகிறார். இடது காலால் அழுத்தவே முடியவில்லை. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிகிறது. சக அணிக்காரர் வில்லியம் போனே பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டு ஏதோ சொல்கிறார், அவர் தலையை ஆட்டுகிறார், கொஞ்ச தூரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அணியின் காரில் ஏறிவிடுகிறார். அவ்வளவுதான். கேமரா எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தது. அப்படிக் காட்டியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் கேள்விதான்.

அவர் பெயர் திபோ பினோ. அப்போது வயது 29. பிரெஞ்சுக்காரர் ஒருவர் டூரைக் கடைசியாக ஜெயித்தது 1985இல், பெர்னார் ஈனோ. அதாவது 34 வருடமாக ஒரு நாடே காத்துக்கொண்டிருந்தது, அந்த ஜூலையில் இந்த ஆள்தான் என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்று நம்மூரில் சொல்வோமே, அதற்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். தாழி உடைந்தது என்று சொல்கிறோம், சரி, அதில் முன்பே விரிசல் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பினோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 'ராசியில்லாத மனுஷன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ராசி இல்லாததும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதிர்ஷ்டத்தின் தலையில் ஏற்ற முடியாது. நான் பார்த்தவரை 2019 டூரை அவரிடமிருந்து பறித்தது அந்தத் தொடைக் காயம் மட்டும் இல்லை. அதற்குப் பதினொரு நாள் முன்னாடி, மலையே இல்லாத ஒரு சாலையில், காற்றில் பாதி போய்விட்டது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். கிழக்கு பிரான்ஸில் வோஜ் மலைகளின் அடிவாரத்தில் மெலிஸே என்ற சின்ன ஊர். அப்பா அந்த ஊர் மேயர், அண்ணன் ஜூலியன் பயிற்சியாளர், அதுவும் தம்பி ஓட்டிய அதே அணியில். பினோ 2010இல் எஃப்டிஜே அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார், 2023இல் அதே அணியிலிருந்தே ஓய்வு பெற்றார். 14 சீசன், ஒரே அணி. இந்த விளையாட்டில் இது அரிது. பெரிய வீரர்கள் எல்லாம் சம்பளத்துக்காகவோ, துணைக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்றோ ஒரு கட்டத்தில் பணக்கார அணிக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2012இல் தன் முதல் டூர், 22 வயது, அந்த வருடம் பந்தயத்திலேயே வயது குறைந்தவர் அவர்தான். எட்டாவது ஸ்டேஜ் சுவிட்சர்லாந்தில் பொராந்த்ருய் என்ற ஊரில் முடிகிறது. தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்து ஜெயித்தார். அன்றைக்கு அவரைவிடப் பிரபலமானவர் அணி மேலாளர் மார்க் மதியோதான். ஓடுகிற காரின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். இப்போதும் தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும். பினோ மொத்தத்தில் பத்தாவதாக வந்தார். இரண்டே வருடத்தில், 2014இல், டூரில் மூன்றாவது இடம், கூடவே இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சி. 24 வயதில் டூர் மேடையில் நிற்கிறவனை நாடு என்ன செய்யும்? தோளில் ஏற்றிவிடும். அதற்குப் பிறகு அவர் டூர் மேடையில் ஏறவே இல்லை.

இனி விரிசல்கள்.

முதலாவது, இறக்கம். ஏற்றத்தில் பூனை மாதிரி ஏறுகிறவர், இறங்கும்போது பயந்தார். 2013 டூரில் பிரெனீஸ் மலையின் பையேர் கணவாயிலிருந்து இறங்கும்போது முன்னணி ஆட்களைத் தவறவிட்டார், வேகத்தைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்வதற்கே தனி தைரியம் வேண்டும். மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ரெண்டு விரல் அகல டயரில், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. பயப்படாமல் இருப்பதுதான் விசித்திரம் என்பேன் நான். ஆனால் மற்றவர்கள் பயப்படவில்லையே. அப்புறம் அவர் பந்தயக் கார் ஓட்டிப் பழகி, வேகத்துக்கு உடம்பைப் பழக்கி, அந்தப் பயத்தை மெதுவாக ஓட்டினார். இது அதிர்ஷ்டத்தில் சேராது, குறை என்றே சொல்லலாம். அந்தக் குறையை அவர் உட்கார்ந்து சரிசெய்தார்.

இரண்டாவது, உடம்பு. வெயில் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது வாரம் வந்தால் தொண்டைவலி, காய்ச்சல், வைரஸ் என்று ஏதாவது ஒன்று. 2013 டூரை முடிக்கவில்லை, 2016 டூரை முடிக்கவில்லை, 2017 டூரை முடிக்கவில்லை. மூன்று வாரப் பந்தயம் என்பது யார் வேகமாக ஓட்டுகிறார் என்ற போட்டி மட்டும் இல்லை. யார் இரவில் தூங்கி, சாப்பிட்டு, மறுநாள் மறுபடி எழுந்து வருகிறார் என்பதும் போட்டிதான். அந்தப் பரீட்சையில் அவர் அடிக்கடி தோற்றார்.

இதில் மோசமானது 2018 ஜிரோ டி இத்தாலியா, டூர் மாதிரியே இத்தாலியில் நடக்கிற மூன்று வாரப் பந்தயம். அதற்கு முந்தைய வருடம், 2017இல், கடைசி நாள் காலையில் மூன்றாவது இடத்தில் இருந்தார், முதலிடத்துக்கும் அவருக்கும் வெறும் 43 வினாடி. அன்று மிலானில் முடிகிற டைம் ட்ரயல், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டிபோடுகிற ஓட்டம், அதில் சறுக்கி நான்காவதாக முடித்தார். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால், மறுபடி மூன்றாவது இடம், இன்னும் இரண்டே ஸ்டேஜ். 20ஆவது ஸ்டேஜில், செர்வீனியா போகிற வழியில், உடம்பு மொத்தமாக நின்றுவிட்டது. அணிக்காரர்கள் சுற்றி நின்று கிட்டத்தட்ட தள்ளிக்கொண்டே மேலே கொண்டுபோனார்கள், 45 நிமிடம் போயிற்று, நேராக ஆஸ்பத்திரி. நிமோனியா. மறுநாள் ரோமில் அவர் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தாக்குப்பிடித்திருந்தால் மேடை.

இதை அதிர்ஷ்டம் என்பதா, உடம்பு வாகு என்பதா? எனக்குச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு தடவை காய்ச்சல் வந்தால் கெட்ட நேரம். நாலு தடவை வந்தால் அது அந்த உடம்போடு சேர்ந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அவர் உண்மையில் யார் என்று தெரிந்தது. செப்டம்பரில் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் இரண்டு மலை ஸ்டேஜ்கள், அக்டோபரில் இத்தாலியில் மிலானோ-டொரினோ என்ற ஒருநாள் பந்தயம், மூன்றே நாளில் இல் லொம்பார்டியா, எல்லாம் வெற்றி. லொம்பார்டியா என்பது ஒருநாள் பந்தயங்களில் ஐந்து மாபெரும் பந்தயங்களில் ஒன்று. சிவிலியோ ஏற்றத்தில் வின்சென்ஸோ நிபாலியைக் கழற்றிவிட்டு, கோமோ ஊருக்குள் தனியாக இறங்கினார். இறக்கத்தில் கில்லாடி என்று உலகமே சொல்கிற நிபாலியை, இறக்கத்தில் பயப்படுவான் என்று பெயரெடுத்தவன் கிட்டவே நெருங்கவிடவில்லை. குளிர்ந்த காற்று, இத்தாலியச் சாலை, பிரெஞ்சுப் பத்திரிகைகள் பாதிக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம். 'வெற்றி மட்டுமே அழகு' என்று இத்தாலிய மொழியில் பச்சை குத்திக்கொண்ட ஆள். ஜூலையைவிட அக்டோபர்தான் அவருக்கு உகந்த மாதம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பிரான்ஸில் பிறந்த மலையேறிக்கு ஜூலையைத் தவிர வேறு மாதமே கிடையாது.

அப்படியே 2019க்கு வாருங்கள். அந்த ஜூலையில் ஐரோப்பாவே வெயிலில் வெந்தது, இவர் ஒன்றும் ஆகாமல் ஓட்டினார். எட்டாவது ஸ்டேஜில், சான்-எத்தியென் போகிற வழியில், இன்னொரு பிரெஞ்சு வீரர் ஜூலியன் அலாஃபிலிப்போடு சேர்ந்து தாக்கி, பட்டத்துக்குப் போட்டியிட்ட மற்றவர்களிடம் நேரத்தைப் பறித்தார். இரண்டு விரிசலையும் பூசியாயிற்று என்று தோன்றிய நேரம்.

அப்போது வந்தது ஜூலை 15, பத்தாவது ஸ்டேஜ், அல்பி நகரம். இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒளிந்து ஓட்டினால் காற்று முகத்தில் அடிக்காது, சக்தி நிறைய மிச்சமாகும். அதனால்தான் நூற்றுக்கு மேற்பட்ட பேர் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். காற்று நேர் எதிரே அடித்தால் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் பத்திரமாக இருக்கலாம். பக்கவாட்டிலிருந்து அடித்தால்தான் வினை. அப்போது மறைவு என்பது முன்னால் இருப்பவரின் பின்னால் கிடைக்காது, பக்கத்தில் சாய்வாகத்தான் கிடைக்கும். ஆகவே முன்வரிசை ஆட்கள் சாலையின் குறுக்கே விசிறி மாதிரி சாய்வாக அணிவகுப்பார்கள். சாலையின் அகலம் என்னவோ அவ்வளவுதானே? பத்துப் பதினைந்து பேருக்கு மேல் அந்த விசிறியில் இடமில்லை. மற்றவர்கள் சாலை ஓரத்தில், மறைவே இல்லாமல், ஒரு கோடாக நீண்டு தொங்குவார்கள். முன்னால் இருக்கிற பலசாலி அணிகள் இதைத் தெரிந்துகொண்டு ஒரு திருப்பத்தில் சட்டென்று வேகத்தைக் கூட்டும். கோடு அறுந்துவிடும். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தால் போதும், அதை அடைக்க முடியாது. மலையில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

அல்பிக்கு முன்னால் கடைசி முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இதுதான் நடந்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட எகான் பெர்னல், கெரைன்ட் தாமஸ், அலாஃபிலிப் எல்லாரும் முன்னால். பினோ பின்னால் மாட்டிக்கொண்டார். ரிச்சி போர்ட், ரிகோபெர்டோ உரான், யாக்கோப் ஃபுக்ல்சாங் என்று துணைக்கு ஆள் இருந்தார்கள், அது ஆறுதலா? 1 நிமிடம் 40 வினாடி போயிற்று. விழவில்லை, பஞ்சர் ஆகவில்லை, காய்ச்சல் இல்லை. சரியான நேரத்தில் சரியான இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிரெஞ்சு ரசிகர்கள் இதையும் விதி என்றார்கள். ஆனால் 2015 டூரின் இரண்டாவது ஸ்டேஜ் யாருக்காவது நினைவிருக்கிறதா? நெதர்லாந்தின் ஸீலாந்து, கடலோரக் காற்று, அதே கதை. அங்கேயும் பினோ பின் கூட்டத்தில், 1 நிமிடம் 28 வினாடி இழப்பு. அதே தப்பு இரண்டாம் முறை நடந்தால் அதற்கு விதி என்று பெயர் வைக்க முடியாது. இதுதான் மூன்றாவது விரிசல், யாரும் பூசாதது. அவரைக் குறை சொல்வதைவிட அணியைச் சொல்வேன். பெரிய பணக்கார அணிகளில் சமதளத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு தலைவரை முன்னால் கொண்டுபோய் வைக்கிற யானைகள் ஆறேழு பேர் இருப்பார்கள். எஃப்டிஜேயில் மலைக்கு டேவிட் கோதூ மாதிரி அருமையான துணை இருந்தார், சமதளத்துக்கு அந்த அளவு பலம் இல்லை. 14 வருடம் ஒரே அணி என்று சொன்னேன் இல்லையா. விசுவாசத்துக்கும் ஒரு விலை உண்டு, அது வினாடிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். ஜூலை 20, தூர்மலே மலை உச்சி, ஜனாதிபதி மக்ரோன் வந்து பார்க்க, பினோ ஜெயித்தார். மறுநாள் ப்ரா தால்பி ஏற்றத்தில் முன்னணி ஆட்கள் ஒவ்வொருவரையும் உதிர்த்துவிட்டு இரண்டாவதாக வந்தார். பிரெனீஸ் முடிந்தபோது பட்டியல் இப்படி: முதலில் அலாஃபிலிப், 1:35 பின்னால் தாமஸ், 1:47இல் க்ரைஸ்வைக், 1:50இல் பினோ, 2:02இல் பெர்னல். அல்பி இல்லையென்றால் பினோ, பட்டியலில் முதல் ஆள் போடுகிற மஞ்சள் ஜெர்சிக்கு 10 வினாடி தூரத்தில் இருந்திருப்பார். பெர்னலைவிட 1 நிமிடம் 52 வினாடி முன்னால். மலையில் அந்த வாரம் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று எதிரணிக்காரர்களுக்கே தெரியும்.

ஜூலை 24, காப் நகருக்குப் போகிற 17ஆவது ஸ்டேஜ். மலைகளுக்கு நடுவில் ஓய்வு மாதிரி ஒரு நாள். யாரோ விழப்போவதைத் தவிர்க்க ஒதுங்கினவர், முழங்காலை ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டார். கீழே விழக்கூட இல்லை. முழங்காலுக்கு மேலே, தொடையின் உள்பக்கத் தசை கிழிந்துவிட்டது. சுத்தமான துரதிர்ஷ்டம் என்றால் இது ஒன்றுதான். இதற்கு அவரையும் சொல்ல முடியாது, அணியையும் சொல்ல முடியாது. மறுநாள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு முன்னணியோடு ஓட்டினார். அதற்கு மறுநாள்தான் நான் முதலில் சொன்னது.

அவர் காரில் ஏறிச் சில மணி நேரத்தில் இன்னொன்று நடந்தது. ஈஸரான் கணவாயைத் தாண்டி இறங்கும் வழியில் ஆலங்கட்டி மழை, மண்சரிவு, சாலையே இல்லை. டூர் நிர்வாகம் பந்தயத்தை நிறுத்தி, கணவாய் உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் வைத்தது. அங்கே முன்னால் இருந்தவர் எகான் பெர்னல். மஞ்சள் ஜெர்சி அவருக்கு. கடைசி மலை ஸ்டேஜும் மழையால் 59 கிலோமீட்டராகச் சுருங்கியது. 22 வயதில் கொலம்பியாவின் முதல் டூர் சாம்பியன்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். தொடை கிழியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்பி இழப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். ஆல்ப்ஸுக்கு வரும்போது பினோ பெர்னலைவிட 12 வினாடி முன்னால். 18ஆவது ஸ்டேஜில், கலிபியே மலையில், பெர்னல் மற்ற முன்னணிப் போட்டியாளர்களிடம் 32 வினாடி எடுத்தார். ஈஸரானில் தாமஸ் போன்றவர்களிடம் ஏறக்குறைய ஒரு நிமிடம். பினோ அந்த தாமஸ் கூட்டத்தோடு வந்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கித் தோற்றிருப்பார். இப்போது திருப்பிப் போடுங்கள். தொடையும் நன்றாக இருக்கிறது, அல்பியிலும் முன்னால் இருந்தார் என்றால்? அதே ஓட்டத்துக்கு இருபது வினாடி போல மீதம் வைத்துக்கொண்டு அவர் முன்னால் இருந்திருப்பார். நல்ல காலோடு இருந்தால் பெர்னல் கிளம்பும்போது இவரும் கூடவே போயிருப்பாரே என்று கேட்கலாம், நியாயம்தான். முன்னிலையில் இருக்கும் பினோவை மற்றவர்கள் வேறு மாதிரி துரத்தியிருப்பார்கள் என்பதும் நியாயம்தான். இது காகிதக் கணக்கு. ஆனாலும் அழுதது எல்லாம் தொடைக்காக, அல்பிக்காக யாரும் அழவில்லை என்பது எனக்கு விசித்திரமாகவே இருக்கிறது.

பெர்னலுக்கு யோகம் அடித்தது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் அவர் கொலம்பியாவில் பயிற்சியின்போது நின்றிருந்த பஸ்ஸில் மோதி இருபது எலும்புபோல உடைந்து, நடப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். யோகக் கணக்கை எந்தத் தேதியில் முடிப்பது என்று யாருக்குத் தெரியும்.

பினோவின் மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் முதுகுவலிதான். 2020 டூர், முதல் நாள், நீஸ் நகரில் மழை, சாலை எண்ணெய் தடவின மாதிரி. எல்லைக்கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தார். எட்டாவது ஸ்டேஜில் இடுப்பு விட்டுப்போய்ப் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் இழந்தார். அந்த வருட டூரின் கடைசி டைம் ட்ரயல் வேறு எங்கேயும் வைக்காமல் அவர் சொந்த ஊர் மெலிஸே வழியாகவே போனது. ஊரே சாலையில் நின்று அவர் பெயரைக் கத்தியது. அவர் அதற்குள் பட்டியலில் எங்கேயோ கீழே. இந்தக் காட்சியைக் கதையில் எழுதினால் ஆசிரியர் 'ரொம்ப ஓவர்' என்று வெட்டிவிடுவார். 2021இல் முதுகு சரியாகாமல் டூருக்கே வரவில்லை.

2022 ஏப்ரல், ஆல்ப்ஸ் பந்தயத்தின் நான்காவது நாள், ஆஸ்திரியா. ஜெயித்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தபோது மிகேல் ஆங்கெல் லோபெஸ் பின்னாலிருந்து வந்து தாண்டிப்போனார். பினோ கேமரா முன்னால் உடைந்து அழுதார். மறுநாள் லீன்ட்ஸ் நகரில் ஜெயித்தார். தூர்மலேக்குப் பிறகு முதல் வெற்றி, 1,007 நாள் கழித்து.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஆட்கள் மேல் ஒரு தனிப் பாசம். ரேமோன் பூலிதோர் எட்டு முறை டூர் மேடையில் நின்றவர், ஆனால் ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போட்டதில்லை. ஐந்து முறை ஜெயித்த அன்கெத்திலைவிட அவர்மேல்தான் மக்களுக்குப் பிரியம். பினோவும் மஞ்சள் ஜெர்சி போட்டதே இல்லை. அவருக்கென்று வெறியர் கூட்டமே உருவானது, கால்பந்து மைதானத்தில் போடுகிற மாதிரி கூச்சலும் வண்ணப் புகையும். நிறைவேறாத திறமை என்று நாம் எழுதுகிற அதே ஆளுக்கு மூன்று பெரிய பந்தயங்களிலும் ஸ்டேஜ் வெற்றி, ஒரு லொம்பார்டியா, ஆல்ப் துவேஸ், தூர்மலே என்ற பேர்பெற்ற மலைகளில் வெற்றி. இதை 'நிறைவேறாதது' என்று எழுதும்போது என் விரல் கொஞ்சம் தயங்குகிறது. யாருடைய அளவுகோல் அது? 1985இலிருந்து காத்திருப்பவர்களுடையது. இருந்தும் அந்தச் சொல்லை அடிக்க மாட்டேன், ஏனென்றால் தூர்மலேயில் அவர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் ஆசையாகத் தோன்றவில்லை.

2023 ஜனவரியில், இதுதான் கடைசி வருடம் என்று அறிவித்தார். மே மாதம் ஜிரோவில் மலைச் சாம்பியன் ஜெர்சி, மொத்தத்தில் ஐந்தாவது இடம். ஜூலையில் டூரின் 20ஆவது ஸ்டேஜ் அவர் வீட்டுப் பக்கத்து வோஜ் மலைகளில். பெத்தி பலோன் ஏற்றத்தில் ஒரு வளைவு முழுக்க அவருக்காகவே ஆட்கள் காலையிலிருந்து நின்றார்கள். அவர் தாக்கினார், தனியாக வந்தார், அந்த வளைவுக்குள் நுழைந்தபோது சாலையே தெரியவில்லை, மனிதச் சுவருக்கு நடுவில் சைக்கிள் அகலத்துக்கு ஒரு சந்து. பின்னால் பெரிய தலைகள் பிடித்துவிட்டார்கள். போகச்சார் ஜெயித்தார், பினோ ஏழாவது.

அக்டோபர் 7, லொம்பார்டியா, கடைசிப் பந்தயம். பெர்காமோ நகரின் ஏற்றத்தில் மறுபடி அதே கூட்டம், பிரான்ஸிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தயத்தை ஜெயித்தவர் அதற்கு முன்பே அந்த வழியாகப் போய்விட்டார். அவர்கள் அப்புறமும் அங்கேயே நின்று, பினோ வரும்வரை பாடிக்கொண்டிருந்தார்கள்.